புயலடித்த வீட்டுக்கு நோயாளி திரும்பும்போது: மெடிகேரிடமும் ஃபீமாவிடமும் எதைக் கேட்கலாம்?

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலைனா மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது. ஆஷ்வில் நகரில் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க நவம்பர் 18 வரை, 53 நாள், காத்திருக்க வேண்டியிருந்தது. திடமான உடம்புக்காரர் பாட்டில் தண்ணீரை வைத்துச் சமாளித்துவிடுவார். தையல் ஆறாதவருக்கும், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும், ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடு மூச்சு விடுபவருக்கும் அப்படி முடியாது. ஆனாலும் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் செய்வதை நிறுத்துவதில்லை.

சிகிச்சைச் செலவைப் பார்ப்பது, 65 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு, மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. வீட்டுச் சேதத்துக்கு உதவுவது ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. ஒரு குடும்பத்தின் கதை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. வீட்டின் நிலையை மருத்துவமனையிடமும், நோயாளியின் நிலையை ஃபீமாவிடமும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் மருத்துவமனை. நோயாளி எந்த இடத்துக்குப் போகிறார், அங்கே அவரைக் கவனிக்க ஆள் உண்டா, வசதி உண்டா என்று பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் திட்டம் போட வேண்டும் என்பது மெடிகேர் விதி. இதற்கென்றே சமூகப் பணியாளரோ கேஸ் மேனேஜரோ வந்து பேசுவார். "வீட்டில் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டதும் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பெற்றவரைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று யாருக்குத்தான் வாய் வரும்? அங்கே அதோடு நிறுத்தாதீர்கள். கரண்ட் இல்லை, கூரை ஒழுகுகிறது, சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது, பாலம் போய்விட்டதால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். சொன்னதைக் கோப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படியும் அவசரமாக அனுப்பினால், மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. உள்நோயாளியாகச் சேர்ந்த இரண்டு நாளுக்குள் மெடிகேர் உரிமைகள் அடங்கிய ஓர் அறிவிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். மேல்முறையீட்டுக்கான தொலைபேசி எண் அதில்தான் இருக்கும், பத்திரமாக வையுங்கள். டிஸ்சார்ஜ் நாள் முடிவதற்குள் அழைத்துவிட்டால், மருத்துவமனையைச் சாராத ஓர் அமைப்பு பரிசீலிக்கும். அதன் முடிவு வந்த மறுநாள் நண்பகல் வரை, வழக்கமாக உங்கள் பங்குக்குக் கட்டுவதைத் தவிர, அந்தக் கூடுதல் நாட்களுக்குக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்குப் பதிலாகத் தேர்ந்த செவிலியர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகவும் வழி உண்டு. அங்கே அன்றாடச் செவிலியர் கவனிப்போ உடற்பயிற்சி சிகிச்சையோ தேவை என்று மருத்துவர் சொல்ல வேண்டும். பாரம்பரிய மெடிகேரில் (தனியார் நிறுவனம் வழியாக இல்லாமல் அரசே நேரடியாக நடத்துவது) அதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்கவும் வேண்டும். முதல் 20 நாளுக்கு நோயாளி கட்ட வேண்டியதில்லை. உள்நோயாளியாகச் சேர்க்காமல், மருத்துவமனையில் வெறும் 'கண்காணிப்பில்' வைத்திருந்த நாட்கள் இந்த மூன்று நாள் கணக்கில் சேராது. இதில் ஏமாந்துபோகிற குடும்பங்கள் பல. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டால் இந்த மூன்று நாள் நிபந்தனையைத் தளர்த்தவும் அதிகாரம் உண்டு, கேட்டுப் பாருங்கள். மகன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ தங்கினாலும், வீட்டை விட்டு வெளியேற முடியாத நோயாளிக்கு மெடிகேரின் வீட்டுச் செவிலியர் சேவை அந்த முகவரிக்கே வரும்.

இனி ஃபீமா. அமெரிக்க அதிபர் பெரும்பேரிடர் என அறிவித்து, உங்கள் கவுன்டி (மாவட்டம் போன்ற பகுதி) தனிநபர் உதவிப் பட்டியலில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இணையத்திலும், பேரிடர் மீட்பு மையங்களிலும், 1-800-621-3362 என்ற எண்ணிலும் பதியலாம். வழக்கமான கெடு, அறிவிப்பு நாளிலிருந்து 60 நாள். நோயாளி தேறி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஒரே வீட்டில் வசிக்கும் இன்னொருவர் விண்ணப்பிக்கலாம். வேறு யாராவது உங்களுக்காகப் பேசுவதென்றால் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். ஆய்வாளர் வரும் நாளில் 18 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் உடல் குறைபாடு, நடமாடும் சிரமம் பற்றிய கேள்வி வரும். கூச்சப்பட்டு 'இல்லை' என்று போட்டுவிடாதீர்கள். 2024 மார்ச்சில் வந்த புதிய விதிகளின்படி, சேதமான வீட்டில் முன்பு இல்லாத சாய்தளம், கைப்பிடி, வாசல் வரை தளம் போட்ட பாதை ஆகியவற்றுக்கும் உதவி கேட்கலாம். குறைபாடு புயலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது புயலால் வந்திருக்க வேண்டும். ஹெலீனுக்கு வீட்டு உதவியின் உச்சவரம்பு 42,500 டாலர். இந்த அணுகல் வசதிகளின் செலவு அந்த வரம்புக்குள் வராது. வெள்ளத்தில் போன சக்கர நாற்காலி, மருத்துவக் கருவிகளுக்கும், காப்பீடு தராத பட்சத்தில், கேட்கலாம். ஆக்சிஜன் இயந்திரத்துக்காக ஜெனரேட்டர் வாங்கியிருந்தால் ரசீதையும் மருத்துவர் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். (ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே இருக்க வேண்டும், அதன் புகை உயிரைப் பறிக்கும்.) புயலோடு தொடர்பில்லாத பழைய அறுவை சிகிச்சையின் கட்டணத்தை மட்டும் ஃபீமா தராது.

இந்தப் பணம் திருப்பிக் கட்ட வேண்டிய கடனல்ல. அரசு ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கோ, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கோ வருமானமாகக் கணக்கிடவும் மாட்டார்கள். மெடிக்கெய்டு போய்விடுமோ என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. எச்1பி விசாவில் இருப்பவர்களும், ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பா அம்மாவும் தம் பெயரில் பண உதவி பெற முடியாது. ஆனால் அதே வீட்டில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு அமெரிக்கக் குடியுரிமையுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அவசர முகாம், உணவு, தண்ணீருக்குக் குடியேற்ற நிலை தடையில்லை.

'தகுதி இல்லை' என்று கடிதம் வந்தால் முழுவதும் படியுங்கள். பல நேரம் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலோ வீட்டு உரிமைச் சான்றோ வந்து சேராததுதான் காரணமாக இருக்கும். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோயாளிக்கு அந்த வீடு ஏன் இப்போது தங்கத் தகுந்ததல்ல என்று மருத்துவர் எழுதித் தரும் கடிதத்தை அதோடு இணையுங்கள். பக்கந்தோறும் ஃபீமா பதிவெண்ணை எழுத மறக்காதீர்கள்.