டெய்னோசூக்கஸ் ‘டைனோசர் முதலை’ அல்ல

டைனோசர் காலத்தில் வாழ்ந்து அழிந்த பெரிய முதலையினமான டெய்னோசூக்கஸை ‘டைனோசர் முதலை’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். காணொளி, சிறுவர் அறிவியல் பக்கம் என எங்கும் இதே பெயர்தான்.

கிரேக்கத்தில் டெய்னோஸ் என்றால் அஞ்சத்தக்கது. சூகோஸ் என்பது எகிப்தியரின் முதலைக் கடவுளான சொபெக்கைக் கிரேக்கர் அழைத்த பெயர். இரண்டையும் சேர்த்து 1909இல் தொல்லுயிர் ஆய்வாளர் வில்லியம் ஹாலண்ட் பெயரிட்டார்.

இதில் டைனோசர் எங்கே வந்தது? 1842இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற பெயரை உண்டாக்கியபோதும் முன்பாதிக்கு டெய்னோஸைத்தான் எடுத்தார். பல்லியைக் குறிப்பது பின்பாதி. இரண்டு பெயர்களுக்கும் பொதுவானது அச்சம் மட்டுமே. முதலைக் குலமும் டைனோசர் குலமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த தனித்தனிக் கிளைகள். டைனோசர் கிளையில் இன்று மிஞ்சியிருப்பவை பறவைகள். ‘டைனோசர் முதலை’ என்று படிக்கும் பிள்ளை, முதலை டைனோசரிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கும். அந்தத் தவறு பிள்ளையுடையது அல்ல, எழுதியவருடையது. ‘டைனோசரைத் தின்ற முதலை’ என்று பொருள் கொள்ளலாமே என்றால், அதையும் ஏற்க முடியாது. தின்றது உண்மைதான், டைனோசர் எலும்புகளில் இதன் பல் தடங்கள் இருக்கின்றன. ஆனால் ஹாலண்ட் வைத்த பெயரில் இரையைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருளைக் கைவிடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

‘ராட்சத முதலை’யும் உதவாது. 10 மீட்டரைத் தாண்டிய விலங்குதான், சரி. ஆனால் ஆப்பிரிக்காவின் சார்கோசூக்கஸையும் அப்படியே அழைக்கிறார்கள். டெய்னோசூக்கஸ் வட அமெரிக்காவில் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. சார்கோசூக்கஸ் அதற்கும் 3 கோடி ஆண்டு மூத்தது, குடும்பமும் வேறு.

அப்புறம், ‘கொடுமுதலை’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கொடு’வுக்கு வளைவு என்றும் பொருள் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் ‘கொடுந்தாள் முதலை’ வளைந்த கால் உடைய முதலை, கொடூரமானது அல்ல.

நான் சொல்வது வெருமுதலை. வெரு என்றால் அச்சம், டெய்னோஸுக்கு நேர்ப்பொருள். வழக்கொழிந்த சொல் என்று தள்ளிவிட வேண்டாம், ஈழத்தில் பயமுறுத்துவதை இன்றும் வெருட்டுவது என்றுதான் சொல்கிறார்கள். சார்கோஸ் கிரேக்கத்தில் ஊனைக் குறிப்பதால் சார்கோசூக்கஸை ஊன்முதலை என்று எழுதலாம். கட்டுரையில் முதல் முறை மட்டும் அறிவியல் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.