தூரத்துக் கயோட்டிக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

இலையுதிர் காலம் தொடங்கியதும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது: "500 கெஜத்தில் நிற்கிற கயோட்டியை அடிக்க எந்த ரைஃபிள் வாங்கலாம்?" அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பதும் புதிய வேட்டைக்காரர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை கெஜத்தில் உங்கள் முதல் குண்டு தவறாமல் படும்? அன்று காற்று எப்படி இருந்தது?

கயோட்டியைப் பார்க்காதவர்களுக்கு: வட அமெரிக்காவின் காட்டு நாய் இனம், நரியை விடப் பெரியது, ஓநாயை விடச் சிறியது. மேற்குப் பகுதியில் பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ எடை இருக்கும். குளிர்கால ரோமத்தில் ஆள் பருத்துத் தெரியும். உரித்துப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு ஒல்லியான உடம்பு என்று புரியும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் நான்கைந்து அங்குல அகலம், அவ்வளவுதான். அதற்கு வெளியே பட்டால் கயோட்டி ஓடிவிடும். எங்கோ ஒரு புதரில் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்து சாகும். ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்ற வேட்டைக்குப் போனாலும் சரி, ரோமத்துக்காகப் போனாலும் சரி, அந்த வதையை எந்தப் பண்ணையாரும் விரும்புவதில்லை.

இனி காற்றுக்கு வருவோம். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று வீசுகிறது என்று வையுங்கள். வயோமிங் சமவெளியில் அது அமைதியான நாள். .223 ரெமிங்டன் என்கிற தோட்டாவில் வழக்கமான 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு 300 கெஜத்தில் ஏறத்தாழ 10 அங்குலம் விலகும். 400 கெஜத்தில் 20 அங்குலம். தூரம் நூறு கெஜம்தான் கூடியது, விலகல் இரட்டிப்பானது. .22-250 ரெமிங்டன் என்கிற இன்னொரு தோட்டா அதே எடைக் குண்டை இன்னும் வேகமாகத் தள்ளும். அப்போதும் 400 கெஜத்தில் 17 அங்குலம் விலகும். 6 எம்எம் கிரீட்மூர் தோட்டாவில் 108 கிரெய்ன் எடையுள்ள ஒல்லியான நீளக் குண்டு அதே தூரத்தில் 10 அங்குலத்துக்குள் நிற்கும். அது .22-250 அளவுக்கு வேகமாகக் கிளம்புவதில்லை. காற்றைக் கிழிக்கும் வடிவம்தான் அதைக் காப்பாற்றுகிறது.

நீங்கள் காற்றை 3 மைல் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம். 400 கெஜத்தில் .223 குண்டு 6 அங்குலம் தள்ளிப் போகும், அதாவது நெஞ்சுக்கு வெளியே. கிரீட்மூர் 3 அங்குலம் தள்ளிப் போகும், அதுவும் விளிம்பைச் சற்றே தாண்டிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. .223 குண்டு 400 கெஜத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். கயோட்டி சும்மா நிற்கிற பிராணி இல்லை, அந்த அரை வினாடியில் ஓர் எட்டு வைத்துவிடும். இதற்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது.

அதனால் என் பரிந்துரை எப்போதும் தூரத்திலிருந்து தொடங்கும். முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கும் இரையின் சத்தம் எழுப்பி 300 கெஜத்துக்குள் கூப்பிட்டு அடிக்கிறவருக்கும் .223 போதும். தோட்டா மலிவு, எங்கும் கிடைக்கும், சுடும்போது தோளில் விழும் உதைப்பு மிகக் குறைவு. உதைப்பு குறைந்தால் ஸ்கோப் வழியாகவே உங்கள் குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கலாம். காற்றைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. .22-250 இன்றும் பல பண்ணையார்களின் செல்லம், 300 கெஜம் வரை குண்டு கீழிறங்குவதற்காக உயர்த்திக் குறிபார்க்கும் கணக்கே வேண்டாத அளவுக்குத் தட்டையாகப் பறக்கும். ஆனால் குழலுக்குள் குண்டு முதலில் நுழையும் தொண்டைப் பகுதி சீக்கிரம் தேயும், விடாமல் சுட்டுச் சூடாக்கக் கூடாது. .243 வின்செஸ்டர் மானுக்கும் ஆகும், கயோட்டிக்கும் ஆகும். ரோமம் விற்கிறவர்களுக்குத்தான் அது பண்ணும் ஓட்டை பிடிக்காது. திறந்த வெளியில், பலத்த காற்றில், 300 கெஜத்தைத் தாண்டி அடித்தே ஆக வேண்டும், அதற்கான பயிற்சியும் இருக்கிறது என்றால் 6 எம்எம் கிரீட்மூரைத் தேர்ந்தெடுங்கள்.

தோட்டாவை முடிவு செய்துவிட்டுப் பலர் குழலை மறந்துவிடுகிறார்கள். குழலுக்குள் இருக்கும் திருகு வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன என்பதைத்தான் முறுக்கு என்கிறோம். அந்த எண் சிறிதானால் முறுக்கு வேகம், குண்டு வேகமாகச் சுழன்று நிலையாகப் பறக்கும். குண்டு நீளமாக நீளமாக முறுக்கு வேகமாக இருக்க வேண்டும். 1955இல் ரெமிங்டன் .244 என்று ஒரு நல்ல தோட்டாவைக் கொண்டுவந்தது. குழலுக்கு 12 அங்குல முறுக்கு வைத்தார்கள். சின்னக் குண்டுக்குப் பொருந்தியது, மானுக்கு வேண்டிய கனமான குண்டுக்கு ஒத்துவரவில்லை. அதே ஆண்டு வந்த .243 வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கோடு சந்தையை எடுத்துக்கொண்டது. பிறகு 1963இல் ரெமிங்டன் 9 அங்குல முறுக்கோடு அதையே 6 எம்எம் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்றும் பழைய இடம் திரும்பவில்லை. பழைய .22-250 ரைஃபிள்கள் பெரும்பாலும் 14 அங்குல முறுக்கு. அதில் நீளமான குண்டைப் போட்டால் இலக்கு அட்டையில் வட்டத் துளை விழாது. குண்டு பக்கவாட்டில் படுத்துக் கிழித்த நீளத் துளை விழும். அந்த அட்டையை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த முறை குழலில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத்தான் தோட்டா வாங்குவார்கள்.

முறுக்கைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு ஈயமும் ஒரு காரணம். கயோட்டிக்கு விற்கும் மெல்லுறைக் குண்டுகள் (மெல்லிய உறைக்குள் ஈயம்) உடம்புக்குள் போனதும் தூளாக உடையும்படி செய்யப்பட்டவை. அந்த ஈயத்தூள் சடலத்தில் தங்கும். சடலத்தை வெளியில் விட்டுவந்தால் கழுகுகள் அதைத் தின்னும். 38 மாநிலங்களில் வெண்தலைக் கழுகுகளையும் பொன்னிறக் கழுகுகளையும் ஆராய்ந்து 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, கிட்டத்தட்ட பாதிப் பறவைகளுக்கு நாள்பட்ட ஈய நச்சு இருப்பதாகச் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. மற்ற இடங்களிலும் செம்புக் குண்டுக்கு மாறுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். செம்பு ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்கு குண்டு நீளும், வேகமான முறுக்கு கேட்கும். புது ரைஃபிள் வாங்கும்போதே 8 அங்குல முறுக்கு கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஈயம்தான் கைவசம் என்றால் சடலத்தைப் புதைத்துவிடுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். .300 பிளாக்அவுட் தோட்டாவில் சில வகை .223 ரைஃபிளுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் துப்பாக்கி முகத்துக்கு முன்னால் வெடிக்கும். இரண்டும் வீட்டில் இருந்தால் தோட்டா அடுக்கும் மேகசின்களுக்கு வேறு வேறு நிறப் பட்டை ஒட்டுங்கள், இரண்டையும் ஒரே நாளில் எடுத்துப் போகாதீர்கள். அப்புறம், தவறிய குண்டு இரண்டு மைலுக்கு மேலும் போகும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கிற கயோட்டியைச் சுடவே கூடாது. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் போகிறவர்கள் காதையும் மூக்கையும் கவனியுங்கள். கயோட்டிக்கு நீண்ட கூர்காது, குறுகிய முகம். காது வட்டமாக, முகம் அகலமாக இருந்தால் அது மெக்சிகோ ஓநாயாக இருக்கலாம். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான சட்டம் உண்டு. குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. வயோமிங்கில் கயோட்டியைச் சுட உரிமமே வேண்டாம் என்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கயோட்டிக்கு வேண்டாம், துப்பாக்கியைத் தொடுவதற்கு உங்களுக்கு வேண்டும். ஏதாவது ஒரு வேட்டை உரிமத்தை எடுத்து, காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

வேட்டைக்கு எடுத்துப் போன பையையே ஊருக்குப் போகவும் எடுத்துப் போகாதீர்கள். பக்கப் பையில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டாவுக்கு இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுகிறார்கள். தோட்டாவுக்கு என்று தனியாக ஒரு பெட்டி வாங்கி, காரில் ஏறும் முன் எண்ணி வையுங்கள், இறங்கியதும் எண்ணி எடுங்கள்.