கொடுக்கில்லாத ஒட்டுண்ணிகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஊசி ஈயை நன்றாகத் தெரியும். புழுவின் தோலில் வெள்ளை முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். முட்டை பொரிந்ததும் ஈயின் இளம்புழு பட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே இறங்கும். துளைத்த இடத்தில் கறுப்புத் தழும்பு விழும். தாக்குண்ட புழு தப்பிப் பிழைத்துக் கூடு கட்டினாலும், ஈயின் புழு கூட்டை ஓட்டை போட்டு வெளியேறும். அந்தக் கூட்டில் நூல் இழுக்க முடியாது.

அந்தத் தழும்பு வெறும் காயமல்ல. உடலுக்குள் அந்நியப் பொருள் வந்தால், பூச்சியின் இரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து மூச்சடைக்கச் செய்யும். இந்த ஈயின் புழுவோ, தன்னைச் சுற்றிக் கெட்டியாகும் திசுவைப் புனலாக்கிக்கொள்கிறது. புனலின் வாய் தோலிலுள்ள துளையில் திறந்திருக்கும். பின்முனையால் வெளிக்காற்றைச் சுவாசித்துக்கொண்டே முன்முனையால் உள்ளே மேய்கிறது. கொல்ல வந்த தற்காப்பே மூச்சுக்குழாய் ஆகிவிடுகிறது.

ஊசி ஈ, டாக்கினிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 8,500. பெரும்பாலானவற்றின் உடலில் விறைத்த முள்மயிர்கள் இருக்கும். முதிர்ந்த ஈக்கள் பூந்தேன் குடிப்பவை. வளரும் புழுக்கள் எல்லாம் ஒட்டுண்ணிகள். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு முட்டையை உள்ளே செலுத்தும் கூர்மையான உறுப்பு உண்டு. இந்த ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அதனால்தான் இத்தனை குறுக்குவழிகள்.

சில இனங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முட்டைகளை இலையில் இட்டுப் போகும். கம்பளிப்புழு இலையோடு சேர்த்து விழுங்கும். கரும்பின் இளங்குருத்துப் புழுவைத் தாக்கும் ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ், அந்தப் புழு குருத்தில் போட்ட துளையின் வாயில் முட்டைக்குப் பதில் குஞ்சுப் புழுக்களையே விடுகிறது. அவை ஊர்ந்து உள்ளே போகின்றன. அமெரிக்காவின் ஆர்மியா ஒக்ரேசியா இரவில் ஆண் சில்வண்டின் பாட்டைக் கேட்டு வருகிறது. அதன் இரு செவிகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான். ஆனாலும் ஒலி வரும் திசையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். ஹவாயின் கவாய் தீவில் இந்த ஈயின் தொல்லையால், பாடவே முடியாத ஆண் சில்வண்டுகள் பெருகிவிட்டன.

இவற்றை வகைப்படுத்துவது தலைவலி. முள்மயிர்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் மட்டும் நம்பினால், உறவில்லாதவை ஒன்றாகவும் உறவினர் வேறாகவும் தெரியும். அமெரிக்கப் பூச்சியியலாளர் சார்லஸ் டவுன்செண்ட் சின்னச் சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் புதுப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) படைத்து, ஆயிரத்துக்கும் மேல் பெயரிட்டுவிட்டார். மான் ஈ ஒன்று மணிக்கு 800 மைலுக்கு மேல் பறக்கும் என்று 1927இல் எழுதியவரும் இவரே! 1938இல் வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் கணக்குப் போட்டு அதைத் தகர்த்தார். டவுன்செண்டின் பேரினங்களில் பெரும்பகுதியும் பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டது.

இன்று நான்கு துணைக்குடும்பங்கள் ஏற்கப்பட்டுள்ளன: எக்ஸோரிஸ்டினே, டாக்கினினே, டெக்ஸினே, ஃபாசினே. முட்டையின் அமைப்பு, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு, அண்மையில் டிஎன்ஏ ஆகியவை இந்தப் பிரிவுக்கு ஆதாரம். ஃபாசினே மட்டும் ஏறக்குறைய நாவாய்ப் பூச்சிகளோடு நின்றுவிடுகிறது. டெக்ஸினேயில் பல வண்டுப் புழுக்களைத் தேடுபவை. மற்ற இரண்டும் எதையும் விடுவதில்லை. கம்பளிப்புழுக்கள்தான் முதல் இரை.

இனங்களின் எண்ணிக்கையும் இன்னும் முடிவாகவில்லை. கோஸ்டா ரிக்காவில் பல வகைக் கம்பளிப்புழுக்களை உண்பதாகக் கருதப்பட்ட 16 இனங்களை டிஎன்ஏ கொண்டு சோதித்தபோது 73 தனித்தனி மரபுவழிகள் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு வகைப் புழுக்களை மட்டுமே நம்பி வாழ்பவை.