தாழைக்கோழியின் சிவப்புக் கேடயம்

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் செல்லும் வாசகர் ஒருவர், அங்கே கோரைகளுக்கிடையே உலவும் நீலப் பறவையின் நெற்றியில் சிவப்பாகத் தெரிவது காயமா, கொண்டையா என்று கேட்டிருந்தார். இரண்டும் இல்லை. அந்தப் பறவையின் பெயர் நீலத் தாழைக்கோழி. அதன் மேல் அலகின் அடியிலிருந்து உச்சந்தலை வரை படர்ந்திருக்கும் அந்தச் சதைத் தகட்டை நெற்றிக் கேடயம் என்பர்.

நாமக்கோழிக்கும் கம்புள் கோழிக்கும் உறவான இப்பறவை ஏறத்தாழ நாட்டுக்கோழி அளவு இருக்கும். உடல் நீலமும் ஊதாவும் கலந்தது, தலையில் சாம்பல் சாயல் உண்டு, கால்கள் சிவந்தவை. நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி ஆட்டி, அதன் அடியிலுள்ள வெண்மையைக் காட்டும். நீண்ட விரல்கள் உடலின் எடையைப் பரப்பிவிடுவதால் மிதக்கும் நீர்த்தாவரங்களின் மேலும் அது நடந்து செல்லும். சம்பு, கோரை போன்றவற்றின் தண்டை அலகால் பிடுங்கி, ஒரு காலால் பற்றி உயர்த்தி, உள்ளிருக்கும் மென்மையான சோற்றைத் தின்னும். இளம் நெற்பயிரையும் விடாது என்பதால் உழவர்களுக்கு இதன்மேல் கோபம் உண்டு.

என்னைப் பெரிதும் கவர்வது அந்தக் கேடயம்தான். முழுதாக வளர்ந்துவிட்ட இறகு உயிரற்ற பொருள். அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும் வரை அதன் வடிவத்தைப் பறவையால் மாற்ற இயலாது. கேடயமோ இரத்தம் ஓடும் உயிருள்ள திசு என்பதால், அதன் அளவு சில நாட்களிலேயே கூடவும் குறையவும் முடியும். நம் தாழைக்கோழியின் நெருங்கிய உறவான நியூசிலாந்தின் புகேகோ, கூட்டமாக வாழும் பறவை. அக்கூட்டத்திற்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசை உண்டு; கேடயம் பெரிதாக உள்ள பறவைக்கு மற்றவை ஒதுங்கி வழிவிடும்.

பெரிய கேடயத்தை வளர்த்துக்கொண்டு வலிமையற்ற பறவை ஏமாற்றலாமே என்ற ஐயம் இங்கே எழும். கோடி டே, ஜேம்ஸ் டேல், ஜேம்ஸ் குவின் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைச் சோதித்தது. அவர்கள் சில புகேகோக்களின் கேடய ஓரங்களில் கறுப்புச் சாயம் பூசினார்கள். தலையின் கருமையோடு ஓரம் கலந்துவிட்டதால் கேடயம் சிறிதாகத் தோன்றியது. கூட்டத்தின் பிற பறவைகள் அவற்றை முன்னைவிட அதிகமாகத் தாக்கத் தொடங்கின. அதைவிட வியப்பானது அடுத்து நடந்தது: ஒரு வாரத்திற்குள் அந்தப் பறவைகளின் உண்மையான கேடயமே சுருங்கிவிட்டது. மற்றவர்கள் நடத்தும் விதம் உடலின் உறுப்பையே மாற்றியமைத்திருக்கிறது. தோற்றத்திற்கும் தகுதிக்கும் இடையே பொருத்தம் நிலைப்பதற்கு, இப்படி அன்றாட உரசல்களில் நடக்கும் ஓயாத சோதனையும் ஒரு காரணம்.

இவ்வளவு ஆழமான கண்டுபிடிப்பின் மையத்தில் இருந்தது கொஞ்சம் சாயமும் நீண்ட பொறுமையும்தான். பெரிய கருவிகளுக்கு எளிதில் கிடைக்கும் ஆய்வு நிதி, கால்களில் வண்ண வளையமிட்ட பறவைகளை ஆண்டுக்கணக்கில் கவனிக்க விரும்பும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணையில் தாழைக்கோழிகள் சாலையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன. அத்தகைய ஆய்வை அங்கேயே தொடங்கலாம்.