டாஃபி ஆப்பிள் செய்யும் முன் குழாயடியைக் காலியாக வையுங்கள்

இங்கிலாந்தில் அக்டோபர் பாதி தாண்டினால் கடை கடையாக டாஃபி ஆப்பிள், அதாவது குச்சியில் செருகிச் சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள், வந்துவிடும். 31-ஆம் தேதி ஹாலோவீன், நவம்பர் 5 தீ மூட்டிப் பட்டாசு வெடிக்கும் பான்ஃபயர் நைட், பல வருடங்களில் நம் தீபாவளியும் இதை ஒட்டியே வரும். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். நான் இங்கே தீக்காயப் பிரிவில் செவிலியர். அந்த வாரங்களில் பட்டாசுக் காயங்களுக்கு எல்லாரும் தயாராக இருப்போம். பாகு பட்டு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் வெளியே யாரும் பேசுவதில்லை.

ஒரு சிறுமி வந்தாள். அம்மா குச்சி எடுக்கத் திரும்பிய நேரத்தில் பாகில் விரலை விட்டுவிட்டாள். சுட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். விரலோடு உதடும் நாக்கும் வெந்துபோயின.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸ். டாஃபி பதத்துக்குப் பாகு 150 டிகிரி வரை ஏற வேண்டும். தண்ணீராவது பட்டதும் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு, ஆறும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும். துடைத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் பிடித்த பண்டம்தான். எட்டுச் சின்ன ஆப்பிள் எடுத்துக்கொள்ளுங்கள், புளிப்பான கிரானி ஸ்மித் நன்றாக இருக்கும். மேலே உள்ள மெழுகு போக வெந்நீர் ஊற்றித் துடைத்து, ஈரமே இல்லாமல் உலர விடுங்கள். ஈரம் இருந்தால் டாஃபி ஒட்டாது, பாகும் தெறிக்கும். வெந்நீர் ஊற்றுவது உங்கள் வேலை. துடைப்பது, குச்சி செருகுவது எல்லாம் பிள்ளைகள் வேலை. அதை முடித்துவிட்டு அவர்கள் சமையலறையை விட்டு வெளியே போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

400 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், நான்கு மேசைக்கரண்டி கோல்டன் சிரப் (கடையில் கிடைக்கும் கெட்டியான சர்க்கரைப் பாகு), ஒரு தேக்கரண்டி வினிகர். அடி கனமான, உயரமான பாத்திரம் வேண்டும், கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். கடலை மிட்டாய்க்குப் பார்ப்பதுபோல ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். படக்கென்று உடைந்தால் பதம் சரி. விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, இங்கே அது கூடவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு நீங்களே தோய்த்து, ஒட்டாத பேக்கிங் காகிதத்தில் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு பிள்ளைகளைக் கூப்பிடலாம். சூடான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், குபீரென்று தெறிக்கும்.

அப்படியும் பட்டுவிட்டால் உடனே குழாயடிக்கு ஓடுங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீர், 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. பிள்ளை அழும்போது இரண்டு நிமிடமே இருபதாகத் தெரியும், அதனால்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் பாகைப் பிய்க்காதீர்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ஐஸ் வேண்டாம். மற்ற உடம்பைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். உடனே முடியாமல் போனாலும் பரவாயில்லை, பட்ட மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீரில் காட்டினாலும் பலன் உண்டு.

அப்புறம் கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) மேலே நீளவாக்கில் போடுங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். முகம், கை, கால், மூட்டு, வாய் ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ இருந்தாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

பற்பசை, வெண்ணெய், முட்டை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். அன்போடு தடவியதுதான், எனக்குத் தெரியும். ஆனால் காயத்தின் ஆழத்தைப் பார்க்க அதையெல்லாம் முதலில் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை அழும் அழுகை, காயம் பட்டபோது அழுததைவிடப் பெரிதாக இருக்கும்.