கில்ட்டின் அடிவிளிம்பில் கத்தரி வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு தமிழ்ப் பையன் பையோடு வந்து நின்றான். கூட வேலை பார்க்கும் நண்பனுக்கு ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் ஊரில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேரும் கில்ட் போட வேண்டுமாம், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றி வார் போட்டுப் பூட்டும் கொசுவம் வைத்த கம்பளி உடை. இவன் வாடகைக்கு எடுக்காமல் இணையத்தில் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டான். போட்டுக் காட்டினான். முழங்கால் சில்லைத் தாண்டி இரண்டு விரல்கடை கீழே தொங்கியது.

"அண்ணா, கீழ ஒரு ரெண்டு இஞ்ச் வெட்டி மடிச்சு அடிச்சுக் குடுத்துருங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

நான் கத்தரியை எடுக்கவில்லை. வார்களைக் கழற்றச் சொன்னேன். இடுப்பெலும்பில் உட்கார்ந்திருந்த கில்ட்டை மேலே தூக்கித் தொப்புளுக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினேன். அடிவிளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் வந்து நின்றது. "அவ்வளவுதானா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான். ஒல்லியான பையன், அதனால் வார் எட்டியது. அது அவன் அதிர்ஷ்டம்.

நான் மதுரையில் அப்பா கடையில் பேண்ட் தைத்துத் தொழில் கற்றவன். இப்போது 11 வருஷமாக கிளாஸ்கோவில் கில்ட் விற்கும், வாடகைக்கும் கொடுக்கும் ஒரு கடையில் அளவெடுக்கிறேன். நீளம் சரியில்லை என்று வருகிறவர்களை முதலில் நிற்க வைத்து இடுப்பைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். பேண்ட் போடுகிற இடத்தில் கில்ட்டைப் போட்டிருப்பார்கள். நம்மாட்கள் வேட்டி கட்டுகிற இடத்தில் கட்டுவார்கள். இரண்டுமே கில்ட்டுக்குத் தாழ்வு.

கில்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். முன்னால் மடிப்பில்லாத இரண்டு பலகைத் துணி, ஒன்றின்மேல் ஒன்று. பின்னால் முழுக்கக் கொசுவம், இருபத்தைந்து முப்பது மடிப்பு வரும். நல்ல கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் கம்பளித் துணி போகிறது என்றால், அதில் பெரும்பகுதி இந்தக் கொசுவத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் மேலிருந்து சீட் வரைக்கும், அதாவது பின்பக்கம் துருத்தும் இடம் வரைக்கும், கையால் தைக்கப்பட்டிருக்கும். இடுப்பில் ஒடுங்கி, கீழே போகப் போக அகலும்படி அந்தத் தையல் ஓடும். தையல் முடிகிற இடம் உங்கள் சீட்டின் அகலமான பாகத்தில் உட்கார்ந்தால், அதற்குக் கீழே மடிப்புகள் கத்தி மாதிரி நேராக விழும். மூன்று அங்குலம் தாழ்த்திக் கட்டினால் ஒடுங்கின பாகம் அகலமான உடம்பில் மாட்டிக்கொள்ளும். வார் கடைசி ஓட்டைக்குப் போகும், முன்பலகை பக்கவாட்டில் வாய் பிளக்கும், பின்னால் கொசுவம் விசிறி மாதிரி விரியும். நீளம் கூடியது போலத் தெரிவது கடைசியில் நடப்பது. ஆனால் கண்ணாடியில் அது ஒன்றுதான் கண்ணில் படும்.

கீழே ஏன் வெட்டக் கூடாது? கில்ட்டுக்கு அடியில் மடித்தடித்த ஓரமே கிடையாது. தறியிலிருந்து வந்த துணிக்கரைதான் அடிவிளிம்பு. அதனால்தான் அது தடிக்காமல், விறைக்காமல் காற்றில் அலையும். அதை வெட்டி மடித்து அடித்தால் ஒவ்வொரு கொசுவத்தின் அடியிலும் ஒரு முடிச்சு கட்டினது மாதிரி ஆகிவிடும். தார்த்தன் என்கிற அந்தக் கட்டம் போட்ட துணியின் கட்டமும் பாதியில் அறுந்து நிற்கும். உண்மையிலேயே நீளம் கூடுதலாக இருந்தால் மேலே பட்டையைப் பிரித்து அங்கேதான் குறைக்க வேண்டும். அது நாள்கணக்கான வேலை, காசும் அதற்கேற்ப ஆகும். ஆர்டர் கொடுக்கும்போதே அளவு சரியாக இருப்பது ஒன்றே மலிவான வழி.

அளவு சொல்வதில் என்னிடமே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒருவர் போனில் "இடுப்பு 34" என்றார். நான் டேப்பை நம்பாமல் வாயை நம்பி எழுதிவிட்டேன். அவர் சொன்னது ஜீன்ஸ் லேபிளில் இருந்த எண். தொப்புள் சுற்றளவு 38. எட்டு கஜக் கம்பளி, வாரக்கணக்கில் கைத்தையல், வந்து போட்டால் வார் எட்டவே இல்லை. பக்கிளை நகர்த்தி ஓரிரு அங்குலம் சரிக்கட்டலாம், நாலு அங்குலத்துக்கு வழியில்லை. அந்தக் கில்ட் இன்னும் எங்கள் வாடகை ஸ்டாண்டில் தொங்குகிறது. ஒல்லிப் பையன்கள் எடுத்துப் போவார்கள். ஒவ்வொரு தடவை அதை இஸ்திரி போடும்போதும் அந்த 34 ஞாபகம் வரும்.

எனவே டேப்பை எடுங்கள். அதை இன்னொருவர் கையில் கொடுங்கள். நீங்களே குனிந்து பார்த்து அளந்தால், குனிந்த கணமே அளவு மாறிவிடும். நேராக, எதிர்ச்சுவரைப் பார்த்து நில்லுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, பின்பக்கம் அதிகம் துருத்தும் இடத்தில் சீட் ஒரு சுற்று, பிறகு பக்கவாட்டில் இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நீளம். இடுப்பளவில் மூச்சை உள்ளே இழுக்கிறவர்கள்தான் அதிகம். கல்யாணத்தில் சாப்பிட்டபின் அந்த மூச்சு வெளியே வந்தாக வேண்டும். தடித்த ஸ்வெட்டரோடும் அளக்காதீர்கள். நீளத்தை எங்கிருந்து தொடங்கி அளக்க வேண்டும் என்பது கடைக்குக் கடை மாறும். சிலர் வார் வரும் மட்டத்திலிருந்து கேட்பார்கள், சிலர் மேல்விளிம்பிலிருந்து. கேட்காமல் எண்ணை மட்டும் அனுப்பினால் இரண்டு அங்குலம் அங்கேயே போச்சு.

தொந்தி உள்ளவர்கள் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொந்திக்கு அடியில் வாரைப் பூட்டினால் முன்பக்கம் தாழும், பின்பக்கம் ஏறும். பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் தைப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சரி, போட்டாகிவிட்டது. நீளம் பார்க்க இங்கே எல்லோரும் செய்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. தரையில் மண்டியிட்டு முதுகை நிமிர்த்துங்கள். அடிவிளிம்பு தரையைத் தொடக் கூடாது, தொட்டும் தொடாமல் ஓர் அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். துணி தரையில் குவிந்தால் நீளம். எழுந்து நின்றால் விளிம்பு முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் எங்காவது இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே போனால் பாவாடை மாதிரி தெரியும் என்பதோடு போவதில்லை, முழங்கால் பின்மடிப்பில் கம்பளி உரசும். முதல் உலகப் போரில் கில்ட் போட்ட ஸ்காட்லாந்துப் படையினருக்குச் சேறு அப்பிக் காய்ந்த விளிம்பே முழங்காலின் பின்னால் தோலை அறுத்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மழையில் நனைந்த கில்ட்டோடு இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள், தெரியும்.

நீளம் குறைந்தாலும் அழகில்லை. 1822இல் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடெல்லாம் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். மன்னர் நல்ல பருமன். கில்ட் முழங்காலுக்கு ஏகத்துக்கு மேலே நின்றது, உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை. ஊரே சிரித்தது. பிறகு டேவிட் வில்கி வரைந்த படத்தில் மன்னரின் கில்ட்டும் உடம்பும் நாகரிகமாகிவிட்டன. அந்தக் காலத்து போட்டோஷாப்.

வார் பூட்டுவதில் ஒரு சின்ன விஷயம். உள்பலகையின் வார், இடது இடுப்பில் இருக்கும் சிறு துளை வழியாக வெளியே வந்து பூட்ட வேண்டும். பலர் அந்தத் துளையைக் கவனிப்பதே இல்லை. உள்ளே தளர்ந்த கில்ட் ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். 2 கிலோ வரை கனம் இருக்கிறதல்லவா? வெளிப்பலகையின் திறந்த விளிம்பு உங்கள் வலது பக்கம் வரும். கில்ட் ஊசி என்கிற அலங்கார ஊக்கை அந்த வெளிப்பலகையில் மட்டும் குத்துங்கள். உள்பலகையோடு சேர்த்துக் குத்தி, உட்கார்ந்து எழுந்து, துணியைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களை வருஷத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன்.

காலுறை முழங்கால் சில்லுக்கு மூன்று விரல்கடை கீழே. முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் பை வெயிஸ்ட்கோட்டின் அடியிலிருந்து ஒரு கையகலம் கீழே. வெயிஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவில் வெள்ளைச் சட்டை எட்டிப் பார்த்தால் கில்ட் இறங்கிவிட்டது என்று அர்த்தம். போட்டோ எடுக்கும் முன் அந்த ஒரு இடத்தை மட்டும் பாருங்கள். வீட்டில் இருக்கும் பிளேசரை மேலே போடாதீர்கள், கில்ட்டுக்கான கோட்டு குட்டையாக வெட்டப்பட்டது.

பையன் கிளம்புவதற்கு முன் திரும்பி நிற்கச் சொன்னேன். கொசுவம் கலையாமல் இருக்க, அடிப்பாகத்தில் குறுக்கே வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டுத்தான் புதுக் கில்ட்டை அனுப்புவார்கள். வந்தவுடனேயே என் கண்ணில் பட்டது, இடுப்பு சரியாகட்டும் என்று விட்டுவைத்திருந்தேன்.

"இது டிசைன் இல்லையாண்ணா?"

அன்றைக்குக் கத்தரி எடுத்தது அந்த நூலைப் பிரிக்கத்தான்.