காடிலாக்: சொல்லும் பொருளும்

காடிலாக் (பெயர்ச்சொல்): 1. பிரான்சின் தென்மேற்கில் உள்ள ஒரு சிற்றூர். 2. அமெரிக்கச் சொகுசுக் கார் நிறுவனம், அந்நிறுவனத்தின் கார். 3. தன் வகையில் ஆக உயர்ந்த, விலை மிகுந்த பொருள்.

முதல் இரண்டையும் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பவர்களைத் தடுக்கி விழவைப்பது மூன்றாவதுதான். 2010-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் 'காடிலாக் வரி' என்று ஊடகங்கள் அழைத்த ஒன்று இருந்தது. அதற்கும் காருக்கும் சம்பந்தமே கிடையாது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் மிகச் செலவான காப்பீட்டுத் திட்டங்கள் மீது, வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 40 சதவீதம் விதிக்க நினைத்த வரி அது. கடைசிவரை நடைமுறைக்கு வராமலே 2019 டிசம்பரில் ரத்தானது. ஒரு காரின் பெயர் காப்பீட்டுக்கு எப்படிப் போனது என்று தெரிய வேண்டுமானால் ஊர்ப்பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, கரோன் ஆற்றங்கரையில் இருக்கிறது காடிலாக் என்ற ஊர். அந்தப் பக்கத்து இடப்பெயர்கள் பலவும் 'ஆக்' என்று முடியும்: கோன்யாக், பெர்ஜெராக், அர்மன்யாக். ரோமானியர் ஆட்சிக் காலத்தில் 'இன்னாருக்கு உரிய நிலம்' என்று காட்டச் சேர்த்த 'ஆக்கும்' என்ற ஈறு தேய்ந்து இப்படி ஆனது. பிரெஞ்சுக்காரர் வாயில் இந்தப் பெயர் ஏறத்தாழ 'கதியாக்' என்று ஒலிக்கும். நடுவிலுள்ள இரட்டை லகரம் யகரமாகிவிடும். அமெரிக்கர்கள் எழுத்துப்படி படித்து 'கேடிலாக்' ஆக்கிக்கொண்டார்கள்.

பெயரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் அந்த்வான் லோமே. 1658-இல் பிரான்சின் கஸ்கோன் பகுதியில் பிறந்தவர், பிரபு குடும்பம் இல்லை. வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிக்குப் போன பிறகு, 'லா மோத், காடிலாக் பிரபு' என்று தாமே பட்டம் சூட்டிக்கொண்டார். குலச்சின்னம் ஒன்றையும் அமைத்துக்கொண்டார். 1701 ஜூலை 24 அன்று இரண்டு ஏரிகளை இணைக்கும் ஆற்றின் கரையில் ஒரு கோட்டையை நிறுவினார். அதுதான் டெட்ராய்ட். அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் நீரிணை என்று பொருள். 1901-இல் டெட்ராய்ட் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. மறு ஆண்டு அங்கே உருவான கார் நிறுவனம், நகரைத் தொடங்கியவரின் பெயரையே எடுத்துக்கொண்டது. அவர் அமைத்த சின்னமும் கூடவே வந்தது. இன்றும் அந்தக் கார்களின் முகப்பில் இருப்பது அதிலிருந்து வந்த கேடயம்தான்.

நிறுவனம் பிறந்த விதமும் சொல்லத் தக்கது. ஹென்றி ஃபோர்டு முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் 1902-இல் தன் பெயரிலிருந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினார். மிஞ்சிய இயந்திரங்களை விற்றுவிடலாம் என்று எண்ணிய முதலீட்டாளர்கள், மதிப்புப் போட்டுச் சொல்ல ஹென்றி லேலண்டை அழைத்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையிலும் கருவித் தொழிற்சாலையிலும் வேலை கற்றவர் அவர், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்க்கும் மனிதர். விற்காதீர்கள், என்னிடம் நல்ல இஞ்சின் இருக்கிறது, கார் செய்யலாம் என்றார் அவர். காடிலாக் தொடங்கியது அப்படித்தான்.

மூன்றாவது பொருளின் வேர் 1908-இல் இங்கிலாந்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் காலத்துக் கார்களில் ஒரு காரின் உதிரி பாகம் அதே மாதிரி இன்னொரு காரில் அப்படியே உட்காராது. ஃபிட்டர் அரத்தை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்துவார். லண்டன் விற்பனைக் கிடங்கிலிருந்து மூன்று காடிலாக்குகளை எடுத்து, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போனார்கள். அரச ஆட்டோமொபைல் கழகத்தார் மேற்பார்வையில் மூன்றையும் அக்கக்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு காரிலும் 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடைச் சரக்கிலிருந்து வேறு 89-ஐப் போட்டார்கள். அப்புறம் அந்தக் குவியலிலிருந்து ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் போன்ற சாதாரணக் கருவிகளை மட்டும் வைத்து மூன்று கார்களைத் திரும்பப் பூட்டினார்கள். அரம் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஒரு கார் நிறம் இன்னொரு காரில் ஒட்டி, பல வண்ணத்தில் நின்ற அந்தக் கார்கள் ஒவ்வொன்றும் 500 மைல் ஓடி முடித்தன. அந்தக் கழகம் வழங்கும் டூவர் கோப்பை காடிலாக்குக்குப் போனது. 'உலகத்தின் அளவுகோல்' என்ற பொருள்பட நிறுவனம் விளம்பரம் செய்துகொண்டது அந்த வெற்றியைக் காட்டித்தான். மெத்தை இருக்கையும் பளபளப்பும் பிற்பாடு வந்தவை. பெயருக்கு முதலில் மதிப்புத் தேடித் தந்தது அளவு பிசகாத வேலை.

அடுத்த சாதனையின் பெயர் நம் பேச்சிலேயே இருக்கிறது. கார் கிளம்பாவிட்டால் 'செல்ஃப் எடுக்க மாட்டேங்குது' என்கிறோமே, அந்த 'செல்ஃப்' என்பது செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் சுருக்கம். அதற்கு முன்னால் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். இதற்கு மாற்றாக மின்மோட்டாரால் இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன்பு கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். சில வினாடிகளே வேலை செய்யும் மோட்டார், தன் அளவுக்கு மீறிய சுமையையும் தாங்கும் என்று அவருக்கு அந்த அனுபவத்தில் தெரிந்திருந்தது. 1912 காடிலாக்கில் அந்த மோட்டாரைப் பொருத்தினார்கள். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது, விளக்கையும் எரியவைத்தது. தமிழில் 'தொடக்கி' என்ற சொல் சரியாகவே பொருந்துகிறது.

இதற்கிடையே 1909-இல் காடிலாக் நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியிருந்தது. 1917-இல் லேலண்ட் விலகி லிங்கன் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் இரண்டு பெரிய சொகுசுக் கார்ப் பெயர்களும் ஒரே மனிதரின் கை வேலை! இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லின் குழு, பி-38 போர் விமானத்தைப் பார்த்து 1948 மாடலுக்கு வால் துடுப்பு வைத்தது. 1959-இல் துடுப்பு உச்சத்தைத் தொட்டது. துப்பாக்கிக் குண்டு மாதிரியான இரட்டைச் சிவப்பு விளக்குகள் அதில் துருத்திக்கொண்டு நின்றன. காடிலாக் என்றாலே காசு, பகட்டு என்ற எண்ணம் மனத்தில் ஊன்றியது இந்தக் காலத்தில்தான். காப்பீட்டுத் திட்டம் வரை ஒட்டிக்கொண்டதும் இந்த எண்ணமே.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஊரையும் நிறுவனத்தையும் குறிக்கும்போது பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, 'காடிலாக்' என்றே எழுதலாம். காரின் வகையைச் சொல்ல 'சொகுசுக் கார்', தனித்தமிழ் விரும்புவோருக்குச் 'சொகுசு மகிழுந்து'. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'சொகசு' என்றால் அழகு, எழில். நம்மிடம் அது சுகமான வசதி என்ற பொருளில் புழங்குகிறது. சிலர் 'ஆடம்பரக் கார்' என்கிறார்கள். அந்த வடசொல் முரசையும் பேரொலியையும் குறித்தது, பிறகே படாடோபத்துக்கு வந்தது. 1959 மாடலுக்கு வேண்டுமானால் பொருந்தும், லேலண்டின் கார்களுக்கு அந்தச் சொல் அநியாயம்.

மூன்றாவது பொருளுக்கு இடம் பார்த்துச் சொல் போட வேண்டும். தரத்தைப் புகழும் இடத்தில் 'முதல்தரம்', 'தலைசிறந்தது'. செலவைச் சுட்டும் இடத்தில் 'உயர்செலவு'. அந்த வரியை 'உயர்செலவுக் காப்பீட்டு வரி' என்று எழுதினால் வாசகர் குழம்ப மாட்டார்.